குழி காலி என்றால் நிலம் காலியா?

சாலையோ அணையோ குடியிருப்போ வரவிருக்கும் நிலத்தில், மண் வெட்டும் வேலை தொடங்குமுன் நடக்கும் தொல்லியல் கள ஆய்வு, சோதனை அகழாய்வு ஆகியவற்றைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கேள்வி: எங்கள் சாலைத் தடத்தில் 30 மீட்டருக்கு ஒன்றாகச் சோதனைக் குழி போட்டார்கள். எதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. ‘தொல்பொருள் இல்லை’ என்று அறிக்கையும் வந்தது. பிறகு மண் வெட்டும்போது எலும்புகளோடு ஐந்தாறு பானைகள் வெளிப்பட்டன. முதலில் நடந்த ஆய்வு வெறும் கண்துடைப்புதானா? (சாலைத் திட்டப் பொறியாளர்)

பதில்: கண்துடைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நேர்மையாகத் தோண்டியிருந்தாலும் இப்படி நடக்கும். 20 மீட்டர் விட்டமுள்ள ஒரு பழைய வாழ்விடம் மண்ணுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் கட்டத்தில் போடும் குழிகளில் ஒன்றாவது அதற்குள் விழ 35 சதவீத வாய்ப்புதான். விட்டம் 10 மீட்டர் என்றால் 9 சதவீதம். 42 மீட்டருக்கு மேல் விட்டம் இருந்தால்தான் ஒரு குழியாவது கட்டாயம் உள்ளே விழும். உங்கள் தடத்தில் கிடைத்ததைப் போன்ற ஈமக் குழி சுமார் 2 மீட்டர் அகலம் இருந்தால், சோதனைக் குழியின் அகலத்தையும் சேர்த்துக்கொண்டாலும் 200-இல் ஒரு வாய்ப்பு. அதாவது அந்த முறையால் அதைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாது என்று முன்கூட்டியே தெரியும்.

இதுவும் குழி சரியான இடத்தில் விழுவதற்கான கணக்கு மட்டுமே. விழுந்த குழியில் ஏதாவது கிடைக்கவும் வேண்டும். 40 செ.மீ. விட்டமுள்ள குழியின் பரப்பு 0.126 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 5 பானை ஓடுகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் தோண்டினால், ஓர் ஓடாவது கையில் சிக்க 47 சதவீத வாய்ப்பு. சதுர மீட்டருக்கு ஒன்றுதான் என்றால் 12 சதவீதம். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 10 மீட்டர் விட்டமும் சதுர மீட்டருக்கு 5 ஓடுகளும் உள்ள சிற்றிடம் 30 மீட்டர் கட்டத்தில் அகப்பட 4 சதவீதம்தான். வலைக்கண் பெரிதாக இருக்கும்போது சின்ன மீன் சிக்கவில்லை என்று கடலைக் குறை சொல்லிப் பயனில்லை.

இடைவெளியைக் குறைத்தால் செலவு ஏறும். ஹெக்டேருக்கு 30 மீட்டர் கட்டத்தில் 11 குழிகள், 10 மீட்டரில் 100, 5 மீட்டரில் 400. அதனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் போடாமல், வாய்ப்புள்ள இடத்தில் நெருக்கமாகப் போடுவதே நடைமுறை. கனடாவின் ஒன்டாரியோ மாகாண விதிகளில், பழைய நீர்நிலை போன்ற அடையாளங்களுக்கு 300 மீட்டருக்குள் 5 மீட்டர் இடைவெளி. அதற்கு அப்பால் 10 மீட்டர். செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு. ஒன்றுவிட்டு ஒரு வரிசையைப் பாதி இடைவெளி தள்ளிப் போடுங்கள். அதே எண்ணிக்கைக் குழிகளில், எந்தக் குழியிலும் படாமல் தப்பிக்கக்கூடிய வாழ்விடத்தின் விட்டம் 42 மீட்டரிலிருந்து 37.5 மீட்டராகக் குறையும். இதைக்கூடச் செய்யாத ஆய்வுகள் நிறைய.

அடுத்தது ஆழம். மண்வெட்டியால் தோண்டும் 40 செ.மீ. குழி ஒரு மீட்டர் ஆழத்தைத் தொடுவதே அரிது. அதற்குக் கீழே கை எட்டாது. ஆற்றங்கரைச் சமவெளியிலும் மலைச்சரிவின் அடியிலும் பழைய தரைமட்டம் வண்டலுக்குக் கீழே இரண்டு மூன்று மீட்டரில் புதைந்திருக்கலாம். அங்கே கைக்குழி போட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுவது, மேல் வண்டலில் ஒன்றுமில்லை என்பதற்கு மட்டுமே சான்று. முதலில் துளைக்கருவி இறக்கி, கறுத்த பழைய மேல்மண் பட்டை எந்த ஆழத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டு, தேவையான இடத்தில் இயந்திரம் கொண்டு வெட்டுவதுதான் முறை.

உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இடைவெளி, குழியின் அளவு, எட்டிய ஆழம், சல்லடைக் கண்ணின் அளவு ஆகிய நான்கும் அதில் இருந்தால் அது ஆய்வறிக்கை. நான்கும் இல்லாமல் ‘தொல்பொருள் இல்லை’ என்று மட்டும் இருந்தால் அதைத் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுத வேண்டிய வாசகம் ‘இந்த முறையில் எதுவும் அகப்படவில்லை’ என்பதே.

கேள்வி: சாலைத் தடத்தை மட்டும் ஆய்வு செய்தால் போதுமா? (அதே வாசகர்)

பதில்: போதாது. தடத்துக்கு வெளியிலும் நிறையச் சேதம் நடக்கிறது. நிரப்பு மண் எடுக்கும் இடம், கல் குவாரி, லாரிகள் போகும் தற்காலிகப் பாதை, கான்கிரீட் கலவை நிலையம், தொழிலாளர் குடியிருப்பு, குழாய்களை அடுக்கி வைக்கும் திடல் எல்லாம் வரைபடத்தில் வர வேண்டும். இவற்றின் இடத்தை ஒப்பந்ததாரர் கடைசி வாரத்தில்தான் முடிவு செய்வார். ஆய்வுக் குழுவோ அதற்குள் கிளம்பியிருக்கும். மாற்று இடங்களையும் சேர்த்து முன்பே நடந்து பார்த்து வைப்பது மலிவு.

கேள்வி: மேற்பரப்பு ஆய்வு என்றால் சும்மா நடந்து போவதுதானே? அதில் என்ன முறை இருக்கிறது? (முதுகலை மாணவி)

பதில்: நடப்பதுதான். ஆனால் கிளம்புமுன் பாதி வேலை மேசையில் முடிந்திருக்க வேண்டும். பழைய நில அளவை வரைபடங்கள், பல ஆண்டு வான்படங்கள், செயற்கைக்கோள் படங்கள், பக்கத்து நிலங்களின் பழைய ஆய்வறிக்கைகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். மண்ணுக்குள் அகழியோ சுவரோ இருந்தால் மேலே பயிரின் உயரமும் நிறமும் மாறும். வறட்சிக் காலத்தில் எடுத்த படத்தில் அது பளிச்சென்று தெரியும். கிணறு வெட்டியவர்களையும் உழுபவர்களையும் விசாரியுங்கள். எந்த ஆழத்தில் சாம்பல் மண் வந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

களத்தில், உழுது ஒரு நல்ல மழை பெய்த நிலமே உகந்தது. மழை மண்ணைக் கழுவி ஓடுகளை வெளியே காட்டும்; உழுத அன்றே போனால் எல்லாம் புழுதி நிறம்தான். 5 முதல் 10 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடப்பார்கள். ஒருவர் தன் இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். ஆகவே 10 மீட்டர் இடைவெளியில் நடந்தால் நிலத்தில் 20 சதவீதத்தைத்தான் பார்க்கிறோம். ஏதேனும் கண்ணில் பட்டால் உடனே எடுத்துப் பையில் போடாதீர்கள். சிறு கொடி நட்டுவிட்டு, சுற்றிலும் 20 மீட்டருக்கு இடைவெளியை 1 மீட்டராகக் குறைத்து நடந்து, எல்லாக் கொடிகளும் நின்ற பிறகு பரவல் எப்படி இருக்கிறது என்று பார்த்து அளந்து, அப்புறம் எடுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. தரை எவ்வளவு கண்ணுக்குத் தெரிந்தது என்பதைச் சதவீதமாக எழுதாமல் விடுவது முதலாவது. புல் மூடிய வயலில் எதுவும் கிடைக்காததற்கு அர்த்தமே இல்லை. கூர்மையான கண்ணுள்ளவரை ஒரே ஓரத்தில் நாள் முழுக்க நடக்கவிடுவது இரண்டாவது. அந்த ஓரத்தில் மட்டும் ஓடுகள் ‘அடர்த்தியாக’ இருக்கும். வரிசை திரும்பும்போதெல்லாம் ஆட்களை இடம் மாற்றுங்கள். கைபேசி ஜிபிஎஸ்ஸை நம்புவது மூன்றாவது. பல மீட்டர் பிழை அதில் சாதாரணம். 1 மீட்டர் இடைவெளியில் நடந்துவிட்டு அந்தப் பிழையோடு குறிப்பது வீண் வேலை. டோட்டல் ஸ்டேஷன் என்னும் துல்லிய நில அளவைக் கருவி இல்லாவிட்டால் நிலையான ஒரு கல்லிலிருந்து நாடா பிடித்து அளந்தாலே போதும்.

கேள்வி: தோண்டாமலேயே கருவி வைத்துப் பார்த்துவிட முடியாதா? (நிலம் வாங்கியவர்)

பதில்: நிலத்தைப் பொறுத்தது. காந்த அளவைக் கருவி சூளை, அடுப்பு, எரிந்த தரை, குப்பைக் குழி, தூர்ந்த அகழி ஆகியவற்றை நன்றாகக் காட்டும். ஒரு மீட்டர் அல்லது அதற்கும் குறைந்த இடைவெளியில் நடந்து, 25 செ.மீ.க்கு ஒரு அளவாவது எடுப்பார்கள். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் இருப்பவையே தெரியும். இரும்பு வேலி, மின்கம்பி, வண்டி எல்லாமே அளவைக் கெடுக்கும். கருவியைச் சுமப்பவர் பெல்ட் பக்கிளைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். கீழே பசால்ட் போன்ற எரிமலைப் பாறை இருந்தால் அதன் காந்தமே மற்றதையெல்லாம் மறைத்துவிடும்.

கல் சுவருக்கு மின்தடை அளவை நல்லது. மண்ணில் ஊன்றும் மின்முனைகளை அரை மீட்டர் விலக்கி வைத்தால் ஏறக்குறைய 75 செ.மீ. ஆழம் வரை தெரியும். கடும் வறட்சியிலும் கனமழைக்குப் பிறகும் சுவருக்கும் மண்ணுக்கும் ஈர வேறுபாடு மங்கிவிடுவதால் படமும் மங்கும். நிலத்தடி ரேடார் காய்ந்த மணலில் பிரமாதம். 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவால் இரண்டு மீட்டர் வரை பார்க்கலாம். களிமண்ணிலும் உப்பு மண்ணிலும் அலை சீக்கிரமே அடங்கிவிடும்.

வெறும் மண்ணில் புதைத்த உடலை இந்த மூன்றில் எதுவும் உறுதியாகக் காட்டாது. கருவிப் படம் வந்ததும், வித்தியாசமாகத் தெரிந்த இடத்தில் ஒரு குழி, வெறுமையாகத் தெரிந்த இடத்தில் ஒரு குழி என இரண்டையும் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவதைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

கேள்வி: தொல்லியல் ஆய்வில் ஜேசிபியை விடுவது சரியா? எல்லாம் உடைந்து போகாதா? (கல்லூரி மாணவர்)

பதில்: சரியான வாளியும் சரியான ஆளும் இருந்தால் உடையாது. பல் இல்லாத, 1.8 முதல் 2 மீட்டர் அகலமுள்ள தட்டை வாளி வேண்டும். பல் வாளி மண்ணைக் கிழித்துக் கோடு போடும். தூர்ந்த குழியின் விளிம்பு அதில் தெரியாது. இயந்திரம் பின்னோக்கி நகர்ந்தபடி, வெட்டி முடித்த தரையில் சக்கரம் ஏறாமல், 10 செ.மீ. கனத்துக்குச் சீவிக்கொண்டே வர வேண்டும். தொல்லியலாளர் வாளியைப் பார்த்தபடி, ஓட்டுநருக்குத் தெரியும் இடத்தில், இயந்திரக் கையின் சுழற்சிக்கு வெளியே நிற்பார். மண்ணில் நிறம் மாறிய முதல் விளிம்பு தெரிந்ததும் கையைத் தூக்கி நிறுத்துவார். அதற்கு மேல் மண்வெட்டியும் சிறு கரண்டியும்தான்.

நீளமாக வெட்டுவதற்குக் காரணம் உண்டு. அகழி, சுவர், பாதை போன்றவை கோடாக ஓடுபவை. சிதறிய சிறு குழிகளுக்கு இடையே அவை நழுவிவிடும். 30 மீட்டர் நீள வெட்டு குறுக்கே விழுந்தால் மாட்டிக்கொள்ளும். 30 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்றால் 60 சதுர மீட்டர். ஹெக்டேரில் ஏறக்குறைய 5 சதவீதம் பார்க்க எட்டு வெட்டுகள் தேவை. எல்லாவற்றையும் ஒரே திசையில் போடாமல், ஒன்றை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் போடுங்கள்.

ஆழம் 1.2 மீட்டரைத் தாண்டினால் முட்டுக் கொடுக்காமல் அல்லது படிபடியாக அகலப்படுத்தாமல் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. வெட்டிய மண்ணை விளிம்பில் குவிப்பதே பக்கம் சரிவதற்கு வழக்கமான காரணம். அரை மீட்டருக்கு மேல் தள்ளிக் கொட்டுங்கள். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாகக் குவித்தால், மூடும்போது நிலத்துக்காரர் திட்டமாட்டார்.

கேள்வி: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சோதனைக் குழியை எப்போது நிறுத்துவது? (களப்பயிற்சி மாணவர்)

பதில்: கன்னி மண், அதாவது மனிதர் கைபடாத இயற்கை மண், வந்ததும் நிறுத்தலாம் என்பது பாடம். எது கன்னி மண் என்பதில்தான் தவறு நடக்கிறது. 10 செ.மீ. அடுக்காக இறங்குங்கள், மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறினால் 10 செ.மீ. முடியும்வரை காத்திருக்காமல் அங்கேயே அடுக்கை முடித்துப் புதிய எண் கொடுங்கள். இதைச் செய்யாதவர்கள் இரண்டு காலத்துப் பொருள்களை ஒரே பையில் போட்டுவிட்டு, பிறகு ‘கலப்பு அடுக்கு’ என்று எழுதுவார்கள். கலந்தது மண் அல்ல, பை. அடுத்தடுத்து இரண்டு அடுக்குகளில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும், குழியின் ஒரு மூலையில் துளைக்கருவியை இன்னும் அரை மீட்டராவது இறக்கிப் பார்த்த பிறகே மூடுங்கள். வெள்ளம் கொண்டுவந்த சுத்தமான வண்டலைக் கன்னி மண் என்று நினைத்து நிறுத்திய குழிகள் ஏராளம்.

எலி வளை, வேர்த் தடம் ஆகியவற்றைத் தனியாக வெட்டியெடுங்கள். மேலே இருந்த ஓடு அவற்றின் வழியாக அரை மீட்டர் கீழே போயிருக்கும். அடுக்கில் பிளாஸ்டிக் வந்தால் அதைக் கிழித்தெறியாமல் பதிவு செய்யுங்கள். அந்த ஆழம் வரை மண் புரட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. முடித்ததும் நான்கு பக்கங்களையும் சீவி, அளவுகோலும் வடக்கு அம்புக்குறியும் வைத்துப் படமெடுத்து, ஒரு பக்கத்தையாவது 1:10 அளவில் வரையுங்கள். ரசமட்டம் வைத்துக் கட்டிய நூலிலிருந்துதான் ஆழம் அளக்க வேண்டும், தரையிலிருந்து அல்ல. தரை எங்கும் சமமாக இருக்காது. மூடுமுன் அடியில் ஒரு துணி விரிப்பையோ இந்த ஆண்டு நாணயத்தையோ போட்டு வையுங்கள். பின்னால் தோண்டுபவருக்கு எதுவரை நீங்கள் இறங்கினீர்கள் என்று அது சொல்லும்.

கேள்வி: சல்லடைக் கண் எவ்வளவு இருக்கலாம்?

பதில்: பொதுவாக 6 மி.மீ. மணிகளும் நுண்கற்கருவிகளும் எதிர்பார்க்கும் இடத்தில் 3 மி.மீ. கருகிய தானியத்துக்கு எந்தச் சல்லடையும் போதாது. அடுக்குக்கு 40 லிட்டர் மண் எடுத்து நீரில் கரைத்து, மிதந்து வருவதை 0.3 மி.மீ. வலையில் பிடிக்க வேண்டும். களிமண்ணைக் காய்ந்த நிலையில் சலித்தால் கட்டியாகவே வெளியேறும். உள்ளே இருப்பதும் அதோடு போகும். தண்ணீர் விட்டுச் சலியுங்கள்.

கேள்வி: காலக்கணிப்புக்குக் கரித்துண்டு எடுப்பதில் கவனிக்க வேண்டியவை? கிடைத்த பொருள்களை அன்றே கழுவலாமா?

பதில்: பெரிய கரித்துண்டைத் தேடாதீர்கள். கரிம அணுக்களை நேரடியாக எண்ணும் இன்றைய முடுக்கி முறைக்குச் சில மில்லிகிராம் போதும். ஒரு கருகிய நெல்மணி போதும். தானியம் ஓர் ஆண்டில் விளைந்தது. மரக்கரியோ இருநூறு ஆண்டு நின்ற மரத்தின் நடுப்பகுதியாக இருக்கலாம். அப்போது காலக்கணிப்பும் அத்தனை ஆண்டு பின்னே போகும். கையால் தொடாமல், சுத்தமான இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதியுங்கள். பஞ்சும் காகிதமும் தாமே கரிமம், ஆகவே வேண்டாம். அடுப்பு, மூடிய குழி போன்ற இடத்திலிருந்து எடுத்த ஒரு மாதிரி, திறந்த அடுக்கிலிருந்து எடுத்த ஐந்துக்குச் சமம்.

நன்கு சுட்ட பானை ஓட்டைக் கழுவலாம். ஆனால் உட்புறம் கரி படிந்திருந்தால் வேண்டாம். சமைத்த உணவின் எச்சம் அங்கேதான். இரும்பு, செம்புப் பொருள்களில் தண்ணீரே படக் கூடாது. மண்ணோடு, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். சேற்றுக்குள் ஈரமாகக் கிடைத்த மரமும் தோலும் நேரெதிர்: ஒரு பிற்பகல் வெயிலில் காய்ந்தாலே சுருங்கி வெடிக்கும், அதனால் ஈரத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஏதாவது கிடைத்துவிட்டால் திட்டம் அவ்வளவுதானா? (கட்டுமான நிறுவன உரிமையாளர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. முதல் வழி, வரைபடத்தை மாற்றுவது. கட்டடத்தைத் தள்ளி வைத்து, அந்தப் பகுதியைத் திறந்தவெளியாகவோ பூங்காவாகவோ விடலாம். சோதனை அகழாய்வை அடித்தள வரைபடம் இறுதியாவதற்கு முன் நடத்த வேண்டியது இதற்காகத்தான். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஒவ்வொரு மீட்டர் நகர்த்தலும் பணம்.

இரண்டாவது, மண்ணிலேயே விட்டு மேலே கட்டுவது. 1989-இல் லண்டனில் அலுவலகக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது 16-ஆம் நூற்றாண்டின் ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. கட்டடத்தின் தூண்களை மாற்றியமைத்து, அரங்கை மணலாலும் கான்கிரீட்டாலும் மூடி, அதன்மேல் தண்ணீர் தேக்கி ஈரம் காத்தார்கள். தண்ணீர் ஏன் என்றால், ஈரத்தில் காற்றுப் புகாமல் நின்ற மரம், நீர்மட்டம் இறங்கினால் மட்கிப்போகும். இன்னொரு ஆங்கில நகரமான யார்க், அடித்தளத்தால் அழியும் தொல்லடுக்கு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 1990-களில் வகுத்துக்கொண்டது. எங்கள் பார்வையில் இந்தச் சதவீதக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. தூண் இறங்கும் துளையைச் சுற்றியுள்ள அடுக்குகளும் வளைந்து குலைகின்றன. தூண்களுக்கு நடுவில் மிஞ்சுவதைப் பிற்காலத்தில் தோண்டிப் புரிந்துகொள்வதும் கடினம்.

மூன்றாவது, முழுமையாக அகழ்ந்து பதிவு செய்துவிட்டு நிலத்தைக் கொடுப்பது. கிருஷ்ணா நதி அணைக்காக நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கில் 1954 முதல் 1960 வரை நடந்தது அதுதான். நீர் ஏறுமுன் தோண்டி, சில கட்டடங்களைப் பெயர்த்து, இன்று தீவாக நிற்கும் குன்றின்மேல் மறுபடி எழுப்பினார்கள். எகிப்தின் அபு சிம்பெல் கோயில்களை 1964 முதல் 1968 வரை அணை நீரில் மூழ்காமலிருக்கத் துண்டு துண்டாக அறுத்து, பழைய இடத்தைவிட 65 மீட்டர் மேலே வைத்தார்கள். இவை புகழ்பெற்றவை, வழக்கமானவை அல்ல. வழக்கத்தில் மிஞ்சுவது பதிவேடும் பெட்டிகளும் மட்டுமே. அதனால் ஒப்பந்தத்தில் தோண்டும் செலவோடு நிற்காமல், பகுப்பாய்வு, காலக்கணிப்பு, அறிக்கை, பொருள்களைப் பாதுகாக்கும் இடம் ஆகியவற்றுக்கும் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். தோண்டிவிட்டு அறிக்கை எழுதாமல் விடுவதற்கும் புல்டோசர் விடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கேள்வி: இந்தச் செலவை யார் ஏற்க வேண்டும்?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய நாடுகள் 1992-இல் மால்டாவின் வலெட்டாவில் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் போக்கு, கட்டுபவர் செலவை ஏற்க வேண்டும் என்பது. பிரான்சில் 2001 சட்டப்படி சோதனை ஆய்வுக்கெனக் கட்டுமானத்தின் மீது தனி வரி உண்டு. அமெரிக்காவில் 1966 சட்டம், நடுவண் அரசின் பணமோ அனுமதியோ உள்ள திட்டங்களில் தொல்லியல் பாதிப்பை முன்கூட்டியே ஆராயச் சொல்கிறது.

கேள்வி: அனுமதியெல்லாம் கிடைத்து வேலை நடக்கும்போது திடீரென்று ஏதாவது வந்தால், முதலில் என்ன செய்ய வேண்டும்? (தளப் பொறியாளர்)

பதில்: வாளியை அப்படியே நிறுத்துங்கள்; பாதி தூக்கியிருந்தால் அந்த மண்ணைப் பக்கத்தில் தனியாக இறக்குங்கள், லாரியில் ஏற்றாதீர்கள். அதற்குமுன் ஏற்றிய லாரி எங்கே கொட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிடைத்த இடத்தைச் சுற்றித் தாராளமாகக் கயிறு கட்டி, எதையும் பிடுங்காமல், அளவுக்கு ஏதேனும் வைத்துப் படமெடுங்கள். வெயிலோ மழையோ படாமல் தார்ப்பாய் போடுங்கள். எலும்பு என்றால் முதலில் தெரிவிக்க வேண்டியது காவல்துறைக்கு, பழையதா புதியதா என்று முடிவு செய்வது உங்கள் வேலை அல்ல. பிறகு தொல்லியல் துறைக்கு. மற்றப் பகுதியில் வேலை நடக்கலாம்.

யாரை அழைப்பது, யாருக்கு நிறுத்தச் சொல்லும் அதிகாரம், காத்திருக்கும் நேரத்துக்கு இயந்திர வாடகை யார் தருவது என்ற மூன்றையும் வேலை தொடங்குமுன்பே ஒரு தாளில் எழுதி, இயந்திர ஓட்டுநர்களுக்கும் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். உலக வங்கி நிதியுள்ள திட்டங்களில் இப்படி ஒரு நடைமுறை கட்டாயம். மூன்றாவது வரிதான் முக்கியம்: நின்ற நேரத்துக்குக் கூலி கிடைக்காது என்று தெரிந்தால், எந்த ஓட்டுநரும் எதையும் பார்த்ததாகச் சொல்லமாட்டார்.